31-ஆம் பக்கத்துப் புள்ளி

எங்கள் ஊர் நூலகத்துப் புத்தகம் எதை எடுத்தாலும் 31-ஆம் பக்கத்தில் ஒரு வட்ட முத்திரை இருக்கும். ஊதா மை. பக்கத்தில் பேனாவால் எழுதிய எண். தலைப்புப் பக்கத்தில் குத்திய அதே முத்திரையை உள்ளேயும் ஒருமுறை குத்திவைப்பார்கள். யாராவது முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டால், இது எங்களுடையது என்று காட்டுவதற்காக நூலகர்கள் செய்துவைக்கும் ஏற்பாடு அது. ரகசியப் பக்கம் என்பார்கள். எந்தப் பக்கம் என்பதை அந்தந்த நூலகம் முடிவு செய்துகொள்ளும். எங்கள் ஊருக்கு 31.

இதை யாரும் சொல்லாமல் அம்மா தானாகக் கண்டுபிடித்திருந்தாள். அந்த முத்திரைக்கு நேர் கீழே, பென்சிலால், கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் அம்மா படித்தாயிற்று, அந்தப் புத்தகத்தை நான் எடுத்து வரக்கூடாது. இல்லையென்றால் எடுக்கலாம். எட்டு வயதில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய பொறுப்பு அதுதான்.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவில் இருந்தது எங்கள் ஊர். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் கணக்கு எழுதும் வேலை. அம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பதினேழு வயதில் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் மூன்று பைண்டு புத்தகங்கள் இருந்தன. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, காலிக்கோ ஒட்டித் தைத்தவை. மைதா மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினால் ராமபாணப் பூச்சி வராது என்று சொல்லித் தன் அப்பாவே தைத்துக் கொடுத்ததாக அம்மா சொல்வாள். கதைக்கு நடுவே பாதி வெட்டுப்பட்ட துணுக்கும் ஊறுகாய் விளம்பரமும் வரும். அந்த மூன்றையும் அவள் எத்தனை முறை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

நூலகம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பிள்ளையார் கோயில், குளத்தங்கரை, சைக்கிள் கடை, அதைத் தாண்டினால் திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு. வாசலில் 'கிளை நூலகம்' என்ற பலகை. ஆனால் அந்தப் பத்து நிமிட தூரத்தை அம்மா ஒரு நாளும் நடந்ததில்லை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை; தடுக்க வேண்டிய தேவையே வரவில்லை என்பதுதான் சரி. நுழைந்ததும் நீள மேஜை. அதைச் சுற்றி ஊர் ஆம்பிளைகள். ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் வைத்திருப்பார்கள். திண்ணையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்கள் வேறு. அந்தக் கூட்டத்தைத் தாண்டி உள்ளறைக்குப் போனால்தான் புத்தக அலமாரி. எங்கள் தெருப் பெண்களில் யாரும் அங்கே போனது கிடையாது. போகலாம் என்று யாருக்கும் தோன்றியதும் கிடையாது.

அதனால் அட்டை அப்பா பேரில், காப்புத்தொகை அம்மாவின் சிறுவாட்டில், போய் வருவது நான்.

போகும்போது பாடம் நடக்கும். "அட்டைப் படத்தைப் பாத்து மயங்கிடாத பாப்பா. கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கிற தாளைப் பாரு. தேதி நெறைய இருந்தா நல்லா போற புத்தகம்." புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் அந்தத் தேதித் தாளை நான் வாசிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். சில புத்தகங்களில் தாள் நிரம்பி, மேலே இன்னொரு தாள் ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். இரண்டு தேதிகளுக்கு நடுவே சரியாக மூன்று நாள்தான் இருந்தால், எடுத்தவர் விழுந்து விழுந்து படித்திருக்கிறார். வைகாசியில் கூட்டமாகத் தேதிகள் இருந்தால் பள்ளி விடுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் நெருக்கமாக இருந்தால் அடைமழை, வயல் வேலை இல்லை. ஒரு ஊர் எப்போது படிக்கிறது, எப்போது நடவு நடுகிறது என்பதெல்லாம் அந்தச் சின்னத் தாளில் தெரியும். இன்றைக்கும் எந்த நூலகத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். கணினியில் பதிவு செய்கிற இடங்களில் அந்தத் தாள் இல்லாமல் போனது எனக்கு உண்மையான இழப்பு.

ஒரு நாள் ஒரே ஒரு தேதி மட்டும் விழுந்திருந்த புத்தகம் கையில் கிடைத்தது. தமிழ்நாட்டுப் பறவைகள் பற்றியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தர் எடுத்திருக்கிறார், அதோடு சரி. ஏன் அதை எடுத்தேன் என்று எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அந்த ஒற்றைத் தேதியைப் பார்த்தபோது, கல்யாண வீட்டில் யாரும் பேசாமல் தனியாக உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தது போல இருந்தது. அம்மா திட்டுவாள் என்று பயந்துகொண்டே கொண்டுபோனேன். அவள் அட்டையைப் பார்த்தாள், பின்னால் தாளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் கொல்லையில் துணி காயப்போடும்போது கூப்பிட்டாள். முருங்கை மரத்தில் ஒரு பறவை. "அது கரிச்சான். வாலைப் பாரு, ரெண்டாப் பிளந்து கெடக்கு. தன்னைவிடப் பெரிய காக்காயைத் தொரத்துமாம்." அந்தப் பதினைந்து நாளும் எங்கள் வீட்டில் பறவைப் பேச்சுதான். திருப்பிக் கொடுக்கிற நாளில் 31-ஆம் பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டு, "இன்னொரு தடவை எடுத்துட்டு வா" என்றாள். புள்ளி வைத்த ஒன்றை மறுபடி கேட்டது அதுதான் முதல் முறை.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இதைச் சொன்ன மனிதர் எங்கள் பக்கத்துக்காரர் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். சீ. இரா. ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னையில் கணிதப் பேராசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போனார். போன புதிதில் அந்த வேலை பிடிக்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவர் அவர். பிறகு லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கே சாதாரண மக்களுக்கான நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, வாழ்நாள் முழுக்க அதிலேயே கிடந்தார். 1931-இல் ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாக்கினார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. கேட்கச் சாதாரணமாக இருக்கும். கண்ணாடி பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, என்ன வேண்டும் என்று எட்ட நின்று கேட்ட காலத்தில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாசகரை அலமாரி வரைக்கும் நேரே போக விடு என்றார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அலமாரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக உருவி 31-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடிந்தது அவரைப் போன்றவர்களால்தான்.

அதே 1931-இல் மன்னார்குடியில் இன்னொன்று நடந்தது. கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி கிராமத்தில் வந்து நிற்கும். ஜனங்கள் வந்து புத்தகம் எடுப்பார்கள். வண்டி அடுத்த ஊருக்குப் போகும். நூலகத்துக்கு வர முடியாதவர்களைத் தேடி நூலகமே நடந்த கதை அது. முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தெருவுக்கு அந்த வண்டி நான்தானே.

ஆமாம், தெருவுக்குத்தான். அம்மாவுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது தப்பு. இரண்டு வாரத் தவணையில் அம்மா மூன்று நாளில் முடித்துவிடுவாள். பிறகு பக்கத்து வீட்டு அத்தைக்குப் போகும். அங்கிருந்து எதிர்வீட்டு அக்காவுக்கு. அவளுக்கு மாமியார் தூங்கிய பிறகுதான் படிக்க முடியும் என்பதால் ஐந்து நாள் ஆகும். கோடி வீட்டு ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், அம்மா வாசித்துக் காட்டுவாள். முக்கியமான இடத்தில் ஆச்சியின் விரல்கள் நின்றுவிடும். கதையில் யாராவது அநியாயமாகச் செத்தால் அன்றைக்குக் கீரையில் காம்பும் சேர்ந்துதான் வரும். பதிவேட்டில் ஒரு உறுப்பினர், ஒரு புத்தகம். படித்தவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் யார் பேரும் அந்தப் பதிவேட்டில் இல்லை.

புத்தகத்தை அம்மா நடத்துகிற விதம் தனி. வந்ததும் பழைய செய்தித்தாளில் அட்டை போடுவாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். அப்படியும் சில பக்கங்களின் கீழ் ஓரத்தில் லேசாக மஞ்சள் படிந்திருக்கும். குழம்பு கொதிக்கும் நேரத்தில் பொறுக்க முடியாமல் திருப்பிய பக்கங்கள் அவை. எந்தெந்த இடத்தில் அவளால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை என்று அந்தக் கறையை வைத்தே சொல்லிவிடலாம்.

நான் எனக்காகப் படிக்கத் தொடங்கியதும் இந்தப் போக்குவரத்தில்தான். நூலகத்தில் அம்புலிமாமாவும் பூந்தளிரும் மேஜையில் கிடக்கும், அவற்றை அங்கேயே உட்கார்ந்து முடித்துவிடுவேன். அம்மாவுக்கான புத்தகத்தை வழியிலேயே பிரிப்பேன். குளத்தங்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் வீடு. புரிந்ததும் புரியாததுமாக எத்தனையோ முதல் அத்தியாயங்கள். மிச்சக் கதையை ராத்திரி அம்மா சாதம் போடும்போது கேட்டு வாங்கிக்கொள்வேன். சில கதைகளின் நடுப்பகுதி எனக்கு இன்றைக்கும் அம்மாவின் குரலில்தான் இருக்கிறது.

1985-இல் நான் வயசுக்கு வந்தேன். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு அப்பாயி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இனிமே என்ன லைப்ரரி? ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடம்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையும் அட்டையும் எட்டு வயதுத் தம்பி கைக்குப் போனது. அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் அவனுக்குத் துப்பாக்கி படம் போட்ட அட்டைதான் கண்ணில் படும். 31-ஆம் பக்கம் பார்க்கப் பொறுமை கிடையாது. படித்ததே வரும், பாதி கிழிந்தது வரும். கோடி வீட்டு ஆச்சி இரண்டு தடவை, "என்னத்த, கதையே சரியில்லையே" என்று எழுந்து போய்விட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அப்படி இரண்டு மாதம் போனது.

ஒரு புதன்கிழமை, அரையாண்டுப் பரீட்சை லீவு. சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா முகம் கழுவிப் புடவை மாற்றினாள். கோயிலுக்குப் போகிற புடவை. குடையை எடுத்துக்கொண்டாள், மழையும் இல்லை, வெயிலும் இல்லை. "வா" என்றாள். எங்கே என்று அப்பாயி கேட்டதற்கு, "லைப்ரரிக்கு. நான் கூடப் போறேன்ல" என்றாள். அதற்குமேல் அப்பாயியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். உள்ளே செய்தித்தாள் சரசரப்பு நின்றுபோனது. அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மேஜை ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், தலையைத் தூக்காமலே, நீட்டியிருந்த காலை மடக்கி வழி விட்டார். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் எனக்குத் தோள் வலித்தது.

லைப்ரரி சார் எழுந்து நின்றார். நான் வழக்கமாக வருகிற பிள்ளை என்பதால் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. "வாங்கம்மா" என்று சொல்லி வருகைப் பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். உள்ளே வருகிற எல்லோரும் கையெழுத்துப் போடும் நோட்டு அது. அம்மா பேனாவை வாங்கிவிட்டு நின்றாள்.

"எந்த இனிஷியல் சார் போடணும்? எங்க அப்பா பேரா, இவ அப்பா பேரா?"

"உங்களுக்கு எது பழக்கமோ அதைப் போடுங்கம்மா."

கையெழுத்துப் போடுகிற வழக்கமே அவளுக்கு இல்லாமல் போயிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எட்டாம் வகுப்பில் போட்ட இனிஷியலைப் போட்டாள். தன் அப்பாவுடையது. ஒவ்வொரு எழுத்தாக, அச்சுப் போல.

பிறகு அவர் கேட்டார். "31-ஆம் பக்கத்துல பென்சில் புள்ளி வெக்கிறது நீங்கதானா?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அழிச்சிடுறேன் சார். தெரியாம…" என்றாள். அவர் வேகமாகக் கையை ஆட்டினார். வருஷா வருஷம் இருப்பு சரிபார்க்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறாராம். நாலு வருஷமாகப் புள்ளிகளைக் கவனித்து வந்திருக்கிறார். "வீட்டுல பொம்பளைங்களுக்குப் படிக்க ஏதாவது குடுங்க சார்னு ஆளுங்க வந்து கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும்? அந்தப் புள்ளி இருக்கானு பாத்துத்தான் எடுத்துக் குடுக்குறேன். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

அன்றைக்கு அம்மா தன் பேரில் ஒரு அட்டை போட்டாள். உள்ளறைக்குப் போய் அலமாரிக்கு முன்னால் நின்றாள். நான் ஐந்து வருஷமாக ஒவ்வொன்றாக உருவிக் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் மொத்தமாக எதிரே நிற்கிறது. முதலில் எதையும் எடுக்கவில்லை. விரல் நுனியால் முதுகுகளைத் தொட்டுக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடந்தாள். தெரிந்த புத்தகம் வருகிறபோது விரல் ஒரு நொடி நிற்கும். அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு முறை நாங்கள் இருவரும் போனோம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அன்று கோயில். மற்ற நாளில் ஒன்று லைப்ரரிக்கு. ஒரு வருஷத்துக்குள் எதிர்வீட்டு அக்காவும் வந்தாள்.

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தார்கள். கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அது. அதற்காகப் பல ஆண்டுகள் அலைந்தவர் ரங்கநாதன். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கலாம் என்று அந்தச் சட்டம் வழி செய்தது. இன்றைக்கு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஓட்டு வீட்டுக்கு அப்பா வருஷா வருஷம் கட்டிய வரியிலும் அது இருந்திருக்கிறது. அந்த நூலகம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த தானம் இல்லை, எங்கள் தெருவும் பணம் போட்டு நடத்தியது என்பதை அம்மாவிடம் பின்னால் ஒருநாள் சொன்னேன். "அப்ப நான் அத்தனை வருஷம் எதுக்குத் தயங்கினேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எழும்பூர் கன்னிமாராவில் போயின. 1896-இல் திறந்த நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகிற புத்தகங்களில் ஒரு பிரதி அங்கே வந்து சேர வேண்டும். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்த மறு வருஷம் அம்மாவைக் கூட்டிப்போனேன். ஒன்பது மாடி. குழந்தைகள் பிரிவில் நடுவே பெரிய செயற்கை மரம், அதன் அடியில் பிள்ளைகள் சாய்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் படிக்கிறார்கள். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண் குழந்தைகள். மற்ற மாடிகளைப் பார்க்க அவள் ஆர்வம் காட்டவில்லை. ஒரு மணி நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஊர் நூலகம் இப்போது சொந்தக் கட்டிடத்தில் இருக்கிறது. மேஜையைச் சுற்றி அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. இடம் போதாமல் வராந்தாவில் பாய் போட்டு உட்கார்கிறார்கள். கதைப் புத்தகம் படிக்க ஆள் குறைந்துவிட்டது என்று சிலர் வருத்தப்படுவார்கள். வீட்டில் தனியாக மேஜை கிடைக்காத பெண் ஒருத்திக்கு எட்டு மணி நேரம் ஒரு நாற்காலி கிடைக்கிறது என்றால் அது எனக்குப் பெரிய சந்தோஷம். என் கவலை வேறு. அலமாரி வரை வர முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு ஊர்க் கட்டுப்பாடு. இன்றைக்கு முட்டி வலி, படுக்கையில் கிடக்கும் மாமியார், கைக்குழந்தை. நடமாட முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் 'நூலக நண்பர்கள்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியபோது மன்னார்குடி வண்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். அது எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர வேண்டும். உங்கள் ஊரில் இருக்கிறதா என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரம் உங்களால் சைக்கிளில் போய் வர முடியுமா என்றும்.

அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. முட்டி வலியால் பத்து நிமிட நடை முடிவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பையையும் அட்டையையும் என் கையில் கொடுத்தாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதே வேலை. அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக 31-ஆம் பக்கத்தைத் திருப்பினேன். பழைய புத்தகங்களில் அம்மாவின் புள்ளிக்குப் பக்கத்தில் வேறு அடையாளங்களும் இருந்தன. ஒன்றில் சின்ன வட்டம், ஒன்றில் பெருக்கல் குறி, ஒன்றில் நீல மையில் குட்டி நட்சத்திரம். யார் யாரோ.

அம்மாவுக்குப் பிடித்ததாயிற்றே என்று, புள்ளி இருந்தும் அந்தப் பறவைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். கிழிந்த அட்டைக்கு மேல் புதிதாக பைண்டு போட்டிருந்தார்கள். தேதித் தாளில் எட்டு தேதிகள்.

வீட்டில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக 31-ஆம் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"படிச்சதுதான்."

"மாத்திட்டு வரட்டுமாம்மா?"

"வேணாம். மறந்துபோச்சு."

நாலு நாள் படித்தாள். நான் கிளம்புகிற அன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைக்கும்போது, பென்சில் எங்கே என்று கேட்டாள்.